தூக்க மாத்திரை கேட்டு வருபவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும்

காங்கேயத்தில் மெடிக்கல் ஷாப் நடத்துகிறேன். பார்மசி படித்தவள், டாக்டர் இல்லை. அதனால் நோய்க்குப் பெயர் வைக்கும் வேலையை இங்கே செய்யப் போவதில்லை. ஆனால் மனநோய்கள் எங்கள் கவுண்டருக்கு என்ன வேஷத்தில் வரும் என்பது நன்றாகவே தெரியும். "தூக்கம் வர்றதுக்கு ஏதாச்சும் குடுங்கக்கா." "நெஞ்சு படபடங்குதுங்க, கேஸ் மாத்திரை இருக்குதுங்களா?" "பசியே எடுக்கறதில்லீங்க, நல்ல டானிக்கா குடுங்க." இப்படித்தான் ஆரம்பிக்கும். மனசு சரியில்லை என்று வாய்விட்டுக் கேட்டு வருபவர் அபூர்வம்.

பெங்களூரில் இருக்கும் மத்திய அரசின் மனநல ஆஸ்பத்திரியான நிம்ஹான்ஸ் 2015-16ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு ஒன்று எடுத்தது. பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அந்தச் சமயத்தில் ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைப் பக்கமே போயிருக்கவில்லை. பத்துப் பேரில் ஒருவர் என்றால் வீதிக்கு வீதி ஆள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். "எங்க ஒறம்பரையில யாருக்கும் அப்பிடியெல்லாம் இல்லீங்க" என்று சொல்பவரிடம் நான் வாதாடுவதில்லை. கையில் இருக்கும் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு மாத்திரையை எடுத்துக் கொடுப்பேன், அவ்வளவுதான்.

முதலில் எதைக் கவனிப்பது

ஒருவரை அடுத்த வீட்டுக்காரரோடு ஒப்பிடாதீர்கள். போன வருஷம் அவரே எப்படி இருந்தார் என்று பாருங்கள். பிறவியிலேயே அதிகம் பேசாத ஆள் பேசாமல் இருந்தால் அதில் ஒன்றுமில்லை. வருஷா வருஷம் கண்ணபுரம் தேருக்கு மாடு பார்க்கப் போய், போன இடத்தில் நாலு பேரிடம் விலை பேசி வம்பளந்துவிட்டு வருகிற மனுஷன், இந்த வருஷம் "நான் வரலை, நீங்க போங்க" என்று ஆசாரத்துக் கட்டிலை விட்டு எழாமல் கிடந்தால், அதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

தூக்கம் மாறியிருக்கிறதா? செய்துகொண்டிருந்த வேலை நடக்கிறதா? மனுஷர்களோடு பழகுவது குறைந்திருக்கிறதா, அல்லது திடீரென்று தாறுமாறாகக் கூடியிருக்கிறதா? இந்த மூன்றையும் பார்த்தால் முக்கால்வாசி தெரிந்துவிடும். அப்புறம், எத்தனை நாளாக என்பது. இரண்டு நாள் சோர்வு யாருக்கும் வரும். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நேரம் அப்படியே இருக்கிறது, பொழப்பும் கெடுகிறது என்றால் டாக்டரிடம் போகவேண்டிய நேரம் வந்துவிட்டது.

வெசனம் என்று விட்டுவிடுவது

எங்கள் பக்கம் அதிகம் தவறவிடுவது மனச்சோர்வைத்தான். "வெசனத்துல இருக்கறா, சரியாப் போயிரும்" என்று வருஷக்கணக்கில் விட்டிருப்பார்கள். அழுதுகொண்டிருந்தால்தான் மனச்சோர்வு என்ற நினைப்பு இதற்கு ஒரு காரணம். நிறையப் பேர் அழவே மாட்டார்கள். முன்பு பிடித்தது எதுவும் பிடிக்காமல் போவதுதான் இதில் பெரிய அடையாளம். பேத்தி வந்தாலும் முகம் மலராது. அடுத்தது விடியற்காலைத் தூக்கம். படுத்தவுடன் தூங்கிவிடுவார்கள், ஆனால் இரண்டு மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் அப்புறம் கண்ணை மூட முடியாது. காலையில் கட்டிலை விட்டு எழுவதே மலையாக இருக்கும், பொழுது சாயச் சாயக் கொஞ்சம் தேவலை என்பார்கள். சிலருக்குத் தூக்கமும் பசியும் தலைகீழாகக் கூடும். சிலருக்கு உடல்வலிதான் முன்னால் நிற்கும். முதுகு, கழுத்து, தலை பாரம், கை கால் எரிச்சல் என்று ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுத்து எதிலும் ஒன்றும் இருக்காது.

ஆண்களிடம் இது எரிச்சலாக வரும். தொட்டதற்கெல்லாம் கோபம், தறிக்குடோனில் ஆட்களோடு சண்டை, ராத்திரி முன்பைவிட அதிகமாகக் குடி. வீட்டார் "குடிச்சுக் கெட்டான்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். குடியின் அடியில் மனச்சோர்வு இருக்கலாம். அல்லது குடியே மனச்சோர்வைக் கொண்டு வந்திருக்கலாம். எது முதலில் என்பதை டாக்டர் கேட்டுப் பிரித்துக்கொள்வார்.

"நெலம் இருக்குது, கெணத்துல தண்ணி இருக்குது, பையன் சம்பாதிக்கறான், இவளுக்கு என்ன கொறை?" இந்தக் கேள்வியை எத்தனையோ மாமியார்கள் எங்கள் கடை வாசலில் நின்று கேட்டிருக்கிறார்கள். குறை இருந்தால்தான் இந்த நோய் வரும் என்று யாரும் விதி போடவில்லை. பரம்பரை, மூளையின் ரசாயனம், உடம்பின் வேறு கோளாறு, வாழ்க்கையில் விழுந்த அடி எல்லாம் சேர்ந்து வரலாம். கடன் தொல்லையிலும் தென்னை காய்ந்ததிலும் வந்திருந்தால், காரணம் தெரிகிறது என்பதற்காக மருத்துவம் வேண்டாம் என்றும் ஆகிவிடாது.

தைராய்டு குறைவாக இருந்தால் அசதி, மந்தம், எதிலும் பிடிப்பின்மை என்று அப்படியே மனச்சோர்வு மாதிரி காட்டும். தைராய்டு அதிகமானால் படபடப்பு, கை நடுக்கம், எடை இறக்கம் என்று பதற்றநோய் மாதிரி இருக்கும். ரத்தசோகையும் பி12 குறைவும் இதேபோல ஏமாற்றும். அதனால் முதல் தடவை போகும்போதே ரத்தம் பார்த்துவிடுவது நல்லது. டாக்டர் எழுதித்தரவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

துக்கம் வேறு. வீட்டில் ஒரு சாவு விழுந்தால் அழுகையும் தூக்கமின்மையும் வரத்தான் செய்யும். அது விட்டுவிட்டு வரும், நடுவில் போனவரைப் பற்றிப் பேசிச் சிரிக்கவும் முடியும். மாதங்கள் போயும் எழ முடியாமல், "நான் இருந்து என்ன பிரயோசனம், எல்லாத்துக்கும் பாரம்" என்று தன்னையே குறை சொல்லிக்கொண்டிருந்தால், அப்போது காட்ட வேண்டும்.

பிரசவம் ஆன பெண்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். குழந்தை பிறந்த மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் வாக்கில் காரணமில்லாமல் அழுகை வருவது நிறையப் பேருக்கு உண்டு, இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அதைத் தாண்டியும் போனால் அது மனச்சோர்வாக இருக்கலாம். ஆனால் முதல் சில வாரங்களில் ராத்திரி பகல் தூங்காமல், குழப்பமாக, குழந்தையைப் பற்றி விநோதமாகப் பேச ஆரம்பித்தால் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. குழந்தையோடு அவளைத் தனியே விடாமல், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். திருஷ்டி கழிக்கிறதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

கேட்கப் பயப்படும் கேள்வி

"செத்துரலாம்னு தோணுதா கண்ணு?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. அப்படி ஆவதில்லை. மறைத்து வைத்திருந்ததை ஒருவர் கேட்டுவிட்டாரே என்று பெரும்பாலும் ஆசுவாசம்தான் வரும். கேட்டபின் புத்திமதி வேண்டாம், "புள்ளைங்களை நெனச்சுப் பாத்தியா" என்று குற்றவுணர்வு ஏற்றவும் வேண்டாம். சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள், தனியே விடாதீர்கள். எங்கள் ஊர்களில் தோட்டத்து வீடு என்றால் பயிருக்கு அடிக்கும் மருந்து கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். அதையும், வீட்டில் மிஞ்சிக்கிடக்கும் மாத்திரைகளையும் அவர் கைக்குக் கிடைக்காதபடி வீட்டை விட்டே அப்புறப்படுத்துங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 ராத்திரி பகல் எந்நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், காசு கிடையாது. தமிழ்நாடு அரசின் 104க்கும் கூப்பிடலாம். ஆபத்து கண்ணெதிரே என்றால் போன் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை, 108ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

படபடப்பு

திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ளும், மூச்சு முட்டும், கை விறுவிறுக்கும், இப்போதே செத்துவிடுவோம் என்று இருக்கும். பத்து நிமிஷத்துக்குள் உச்சிக்குப் போய், அரைமணி வாக்கில் அடங்கிவிடும். பீதித் தாக்குதல் என்பது இதுதான். ஆனால் முதல் தடவை நெஞ்சில் இப்படி வந்தால் அதைப் பீதி என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். ஈசிஜி எடுத்தே ஆக வேண்டும், சர்க்கரையும் பிரஷரும் இருப்பவர்கள் கட்டாயம். இதயம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியும் மாதம் ஒரு ஈசிஜி எடுத்து ஃபைல் சேர்த்துக்கொண்டிருப்பவர்தான் மனநல டாக்டரிடம் போகவேண்டியவர். தாக்குதலைவிட அடுத்தது எப்போது வருமோ என்ற பயம் பெரிய கெடுதல் செய்யும். திருப்பூர் பஸ்ஸில் ஒருமுறை வந்துவிட்டால் பஸ் ஏறுவதையே விட்டு, பனியன் கம்பெனி வேலையையும் விட்டுவிடுகிறார்கள்.

வேறொரு வகை, நாள் முழுக்க எதையாவது நினைத்து மாதக்கணக்கில் கவலைப்பட்டுக்கொண்டே இருப்பது. பையன் வண்டியில் போனால் விபத்து, போன் எடுக்காவிட்டால் விபத்து. தோள்பட்டை இறுக்கம், வயிறு கலக்கம், தூக்கக்கேடு எல்லாம் கூடவே வரும். இதற்கும் பேச்சுச் சிகிச்சையும் மாத்திரையும் நன்றாகவே வேலை செய்கின்றன.

எண்ணச் சுழற்சி நோயைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதை ஒருவரும் வெளியே சொல்வதில்லை. கை கழுவுவது எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். எங்கள் பக்கம் தோட்டத்து மோட்டாரை நிறுத்தினோமா என்று ராத்திரி டார்ச்சை எடுத்துக்கொண்டு மறுபடி மறுபடி போய்ப் பார்ப்பவர்களும் உண்டு. ஒரு தடவை போய்ப் பார்ப்பது ஜாக்கிரதை. போய்ப் பார்த்து வந்த கையோடு மறுபடி சந்தேகம் வந்து, இது முட்டாள்தனம் என்று தெரிந்தும் போகாமல் இருக்க முடியாமல், தினமும் மணிக்கணக்கு இதிலேயே போனால் அது நோய். இன்னும் கொடுமையானது, சாமி கும்பிடும்போது ஆபாசமான எண்ணம் வருவது, பெற்ற குழந்தையைக் கத்தியால் குத்திவிடுவோமோ என்று பயம் வருவது. அந்த எண்ணம் வருகிறவர் அதைக் கண்டு நடுங்கிப்போய் இருப்பார், தான் மகா பாவி என்று நினைத்துக்கொள்வார். இது தெரிந்த நோய், சிகிச்சை உண்டு, டாக்டருக்கு இது புதுசாகவே இருக்காது. பயப்படாமல் சொல்லலாம். மாத்திரை பலன் தெரிய இரண்டு மூன்று மாதம்கூட ஆகும், பொறுக்க வேண்டும்.

இனி அல்பிரசோலம். "அந்தச் சின்ன மாத்திரை, அதைப் போட்டா நல்லாத் தூக்கம் வருதுங்க" என்று வெறும் அட்டையை நீட்டிக் கேட்பார்கள். கொடுக்க மாட்டேன். அது எச்1 அட்டவணையில் உள்ள மருந்து. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. யார் எழுதினார், யாருக்கு, எத்தனை என்று தனி ரிஜிஸ்டரில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். சட்டத்தைவிட முக்கியமான காரணம், தினமும் சாப்பிட்டால் உடம்பு அதற்குப் பழகி, அது இல்லாமல் தூங்காது. அடியில் இருக்கும் மனச்சோர்வு அப்படியே கிடக்கும். அதே சமயம், மாதக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பே வரலாம். டாக்டர் சொல்லும் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் விட வேண்டும்.

மாலை போட்ட மூன்றாம் நாள்

தைப்பூசம் நெருங்கினால் எங்கள் ரோட்டில் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் கூட்டம். மாலை போட்டால் குடிக்கக் கூடாது. நல்ல விஷயம்தான். ஆனால் பல வருஷமாகத் தினமும் காலையிலேயே குடித்துப் பழகியவர் ஒரே நாளில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று யாரும் யோசிப்பதில்லை.

நிறுத்தின அன்றே கை நடுக்கம், வியர்வை, குமட்டல், தூக்கமின்மை ஆரம்பிக்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார், எந்த இடம் எந்த நாள் என்று தெரியாது, கையால் எதையோ பொறுக்கிக்கொண்டிருப்பார், உடம்பு அனலாகக் கொதிக்கும். வீட்டில் உடனே "சாமி குத்தம் ஆயிப்போச்சு, மாலையில ஏதோ தப்புப் பண்ணிட்டான்" என்று விபூதி போடக் கிளம்புவார்கள். இது குடி நிறுத்தியதால் மூளைக்கு வரும் சித்தப்பிரமை. சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம். மனநல ஓபி வரைக்கும் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். "தினமும் குடிச்சவருங்க, இத்தனை நாளா நிறுத்திட்டாருங்க" என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். மானம் பார்த்து அதை மறைத்தால் டாக்டர் காய்ச்சலுக்கு மருந்து தேடிக்கொண்டிருப்பார். அங்கே பி1 வைட்டமின் ஊசியும் நடுக்கத்தை அடக்கும் மருந்தும் கொடுத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

தினமும் அதிகமாகக் குடிப்பவர் மாலை போட நினைத்தால், போடுவதற்கு முன்பே டாக்டரைப் பார்த்து, மருந்தின் துணையோடு நிறுத்தட்டும். முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர் என்றால் வீட்டில் வைத்து முயற்சி செய்யவே கூடாது.

குரல் கேட்பது, சந்தேகம், மிதமிஞ்சிய உற்சாகம்

மனச்சிதைவு என்று சொல்கிற நோய் பெரும்பாலும் பதினெட்டு இருபது வயதிலிருந்து முப்பதுகளின் தொடக்கத்துக்குள் தலைகாட்டும். பெண்களுக்குச் சற்றுத் தாமதமாகவும் வரும். சட்டென்று ஒருநாள் வருவதில்லை. படிப்பில் பின்தங்குவான், குளிக்க மாட்டான், அறையைச் சாத்திக்கொள்வான், தானாகச் சிரிப்பான். இதையெல்லாம் திமிர் என்றும் செல்போன் என்றும் காதல் தோல்வி என்றும் நினைத்து மாதங்கள் ஓடிவிடும். பிறகு, "எதுத்த வீட்டுக்காரங்க என்னப் பத்தியே பேசறாங்க", "சாப்பாட்டுல ஏதோ கலந்திருக்குது", "டிவியில என்னச் சொல்றாங்க" என்று வரும். ஆள் இல்லாத இடத்திலிருந்து குரல் கேட்கும். அந்தக் குரல் அவனைப் பற்றி விமர்சிக்கும், சில சமயம் இதைச் செய் என்று ஏவும்.

அந்த நம்பிக்கையோடு மல்லுக்கட்டாதீர்கள், ஆமாம் என்று ஒத்து ஊதவும் வேண்டாம். "எனக்குக் கேக்கலை கண்ணு, ஆனா உனக்கு எவ்வளவு பயமா இருக்கும்னு தெரியுது" என்று சொன்னால் போதும். சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு தேறும்.

சாமி வந்து ஆடுவது இதில் சேராது. பூச்சாட்டி, கம்பம் நட்டு, பண்டிகையில் உடுக்கைச் சத்தத்துக்கு அருள் வந்து ஆடிவிட்டு, தண்ணீர் குடித்து மறுநாள் காலை பால் கறக்கப் போகிறவருக்கு நோய் ஒன்றுமில்லை. நேரம் காலம் இல்லாமல் வந்து, அவருக்கே வேதனையாக இருந்து, பொழப்பைக் கெடுத்தால் அது வேறு கதை.

கோயிலுக்குப் போவதை நான் தடுப்பதில்லை. திருச்சிப் பக்கம் குணசீலத்தில் ஒரு மண்டலம் தங்கவைக்க எங்கள் ஊர்களிலிருந்து போகிறார்கள். போகட்டும், மாத்திரையையும் பையில் எடுத்துக்கொண்டு போகட்டும். கட்டி வைக்கிற இடங்களுக்கு மட்டும் கொண்டுபோய் விடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6ல் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் வெந்து செத்தார்கள். 2017ம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டம் எந்த விதத்திலும் சங்கிலி போடக் கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது.

"ஒரு கல்யாணத்தப் பண்ணி வெச்சாச் சரியாப்போயிரும்" என்பது இந்தப் பகுதியின் பழைய வைத்தியம். ஜாதகத்தில் பொருத்தம் பார்த்து, நோயை மறைத்து, வந்த பெண்ணுக்குத் தெரியக் கூடாதென்று மாத்திரையை நிறுத்தி, மூன்றாம் மாதம் மறுபடி முற்றிப்போய், இரண்டு குடும்பமும் சேர்ந்து அழும். இதற்கு மேல் இதைப் பற்றி மரியாதையாக எழுத எனக்கு வரவில்லை.

இருமுனை நோயில் மனச்சோர்வு ஒரு பக்கம், மறுபக்கம் மிதமிஞ்சிய உற்சாகம். இரண்டு மூன்று மணி நேரத் தூக்கத்திலேயே புத்துணர்ச்சியோடு எழுவார், நிறுத்தாமல் பேசுவார், கடன் வாங்கிப் புது மில் போடுவதாக அட்வான்ஸ் கொடுப்பார், சம்பந்தமில்லாத நிலத்துக்கு அக்ரிமெண்ட் போடுவார். ஊர்க்காரர்கள் முதல் வாரம் "ஆளு சுறுசுறுப்பாயிட்டாப்பல" என்று மெச்சுவார்கள். முன்பு எப்போதாவது இப்படி ஒரு காலம் இருந்திருந்தால், இப்போது மனச்சோர்வுக்குக் காட்டப் போகும்போது மறக்காமல் சொல்லுங்கள். அது தெரியாமல் மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால் உற்சாகப் பக்கம் எகிறிவிடலாம்.

இந்த இருமுனை நோய்க்குத் தருகிற லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கடைக்காரியாக ஒரு எச்சரிக்கை. மூட்டுவலி, பல்வலி என்று டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாதிரி வலி மாத்திரையை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். ரத்தத்தில் லித்தியம் அளவு ஏறிவிடும். சித்திரை வெயிலில் வேலை செய்து தண்ணீர் குடிக்காமல் இருந்தாலும், வாந்தி பேதி ஆனாலும் ஏறும். கை நடுக்கம் அதிகமாகி, நடை தள்ளாடி, வாந்தி வந்தால் உடனே ஆஸ்பத்திரி. சும்மா இருக்கும்போதும் டாக்டர் சொன்ன இடைவெளியில் லித்தியம் அளவும், சிறுநீரகம், தைராய்டும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வயசானவர்களுக்கு இரண்டு வரி. அப்புச்சி மெதுவாக வருஷக்கணக்கில் மறந்துகொண்டு வந்தால் மறதி நோயா என்று பார்க்க வேண்டும். நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்றைக்குத் திடீரென்று உளறினால் சிறுநீர்த் தொற்றோ, உப்புச்சத்துக் குறைவோ, பக்கவாதமோ இருக்கலாம், அது அவசரம்.

எங்கே போவது, என்ன கொண்டுபோவது

கோவை, பெருந்துறை, திருப்பூர், கரூர், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் நம் சுற்றுவட்டாரத்திலேயே இருக்கின்றன, அங்கே மனநலப் பிரிவைக் கேளுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் குறிப்பிட்ட நாளில் மனநல டாக்டர் வருவார், எந்த நாள் என்று பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வேறு ஊருக்குப் போகிறவர்களும் உண்டு, அதில் தப்பில்லை. ஆனால் அடுத்தடுத்துப் போகமுடிகிற தூரமாக இருக்கட்டும்.

வர மாட்டேன் என்று அடம்பிடிப்பவரிடம் "உனக்கு மனநோய்" என்று ஆரம்பித்தால் அன்றோடு முடிந்தது. தூக்கமில்லை என்பதை அவரே ஒத்துக்கொள்வார், அதற்காகவே கூட்டிப் போகலாம். முதலில் நீங்கள் மட்டும் போய் டாக்டரிடம் யோசனை கேட்கவும் செய்யலாம். ரசத்தில் மாத்திரையைக் கரைத்துக் கொடுப்பது பற்றிக் கடையில் ரகசியமாகக் கேட்பார்கள். எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது, ஏதாவது ஒவ்வாமல் போனால் அவருக்குச் சொல்லத் தெரியாது, ஒருநாள் கண்டுபிடித்தால் சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்ற அவர் சந்தேகம் நிஜமாகிவிடும். இதை மறைக்காமல் டாக்டரிடமே பேசுங்கள்.

போவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எப்போதிருந்து, முதலில் எது மாறியது, எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு எழுகிறார், சாப்பாடு, வேலை, குடி, அவர் சொன்ன விநோதமான வார்த்தைகள் அப்படியே, சாவதைப் பற்றி ஏதாவது பேசினாரா, அப்பாரு காலத்திலிருந்து குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா, இப்போது சாப்பிடும் எல்லா மருந்தும். நாட்டு மருந்து, லேகியம், லாட்ஜில் ரூம் போட்டு ஆண்மைக்குறைவு என்று பயமுறுத்தி விற்றவன் கொடுத்த பொட்டலம் எல்லாம் அதில் வர வேண்டும்.

ஷாக் வைத்துவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது எல்லோருக்கும் கொடுப்பதில்லை. கொடுத்தாலும் மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று அதே 2017 சட்டம் சொல்கிறது. உடல் நோய்க்குத் தருகிற மாதிரியே மனநோய்க்கும் இன்சூரன்ஸ் தரவேண்டும் என்பதும் அதில் இருக்கிறது, பாலிசி எடுத்தவர்கள் கேட்டுப் பாருங்கள்.

மனச்சோர்வு, பதற்றத்துக்கான மாத்திரைகள் வேலை செய்ய இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும். முதல் வாரம் குமட்டல், வயிற்று எரிச்சல், தலைவலிதான் தெரியும். "போட்டும் ஒண்ணும் கேக்கலீங்க" என்று பத்தாம் நாள் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். இளவயதுக்காரர்களுக்கு ஆரம்பித்த முதல் சில வாரங்களில் பரபரப்போ சாகும் எண்ணமோ கூடுகிறதா என்று வீட்டில் ஒரு கண் வைத்திருங்கள். நன்றாக ஆனபிறகும் ஆறு முதல் ஒன்பது மாதமாவது தொடரச் சொல்வார்கள், மறுபடி மறுபடி வந்தவர்களுக்கு இன்னும் நீளும். மனச்சிதைவுக்கு வருஷக்கணக்கு. அந்த மாத்திரைகளில் கை கால் விறைப்பு, நடுக்கம், எடை கூடுவது, சர்க்கரை ஏறுவது உண்டு. நிறுத்தாமல் டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார் அல்லது மருந்தை மாற்றுவார்.

மறுபடி போகும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே அட்டையில் எத்தனை மாத்திரை மிச்சம் என்று எண்ணிப் பாருங்கள். பழைய சீட்டு, காலி அட்டை, எழுதிய தாள் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள். தீர்ந்த பிறகு சனிக்கிழமை ராத்திரி கடை சாத்துகிற நேரத்துக்கு வந்தால், அந்த மருந்து என்னிடம் இருக்கும் என்று சொல்ல முடியாது.